மாங்குரோவ் இலையை எதில் ஊற வைப்பது? ஐந்து கரைப்பான்களை எடைபோட்டுப் பார்ப்போம்

"இலையைக் காயவைத்துப் பொடி செய்து வைத்திருக்கிறேன், இதை எதில் ஊற வைக்கலாம்?" கடலோரச் சதுப்பில் வளரும் மாங்குரோவ் செடிகளில் பாக்டீரியாவைத் தடுக்கும் பொருளைத் தேடிக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே வந்து நிற்கிற கேள்வி இது. பெரும்பாலும் கிடைக்கும் பதில், "மெத்தனாலில் போடுங்கள், வட்டம் பெரிதாக வரும்." (வட்டம் என்பது, சாறு வைத்த இடத்தைச் சுற்றிப் பாக்டீரியா வளராமல் தெளிவாக நிற்கும் பகுதி.) அந்தப் பதிலை நம்பி ஆறு மாதம் உழைத்துவிட்டு, கையில் பழுப்புப் பிசின் ஒன்றையும் விளக்கம் சொல்ல முடியாத ஒரு வட்டத்தையும் வைத்துக்கொண்டு தவிக்கிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. நானும் அதே வழியில் போய்விட்டுத் திரும்பி வந்தவன் என்பதால் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கரைப்பான் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மாசிப்பத்திரி இனத்துச் செடியைக் கொதிக்க வைத்து எடுத்த சாறு நம்பும்படி வேலை செய்யவில்லை. சூடு பட்டு மருந்துப் பொருள் கெடுகிறதோ என்று சந்தேகப்பட்ட சீன ஆய்வாளர் து யூயூ, 1971இல் குறைந்த வெப்பத்தில் ஈதர் என்கிற கரைப்பானில் எடுத்துப் பார்த்தார், வேலை செய்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. செடி அதேதான், ஊற வைத்த திரவமும் வெப்பமும்தான் மாறின.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில், உங்களுக்குத் தேவையான பொருள் அந்தத் திரவத்தில் கரையுமா? மாங்குரோவில் இருப்பவை ஒரே வகை இல்லை. டானின், ஃபிளேவனாய்டு, சபோனின், நாப்தோகுயினோன், டிரைட்டர்பீன், லிமோனாய்டு, ஆல்கலாய்டு என்று பெரிய கூட்டமே இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திரவத்தோடுதான் சேரும்.

இரண்டாவது, கூடவே என்ன வருகிறது? என் கணக்கில் இதுதான் மிக முக்கியம், ஆனால் இதைத்தான் யாரும் கேட்பதில்லை. மாங்குரோவுக்கென்றே மூன்று தொல்லைகள் உண்டு: உப்பு, டானின் என்கிற துவர்ப்புப் பொருள், தடித்த இலையின் மேல் படிந்த மெழுகு. மற்ற செடிகளுக்கு எழுதப்பட்ட செய்முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சறுக்குவது இந்த மூன்றில்தான்.

மூன்றாவது, கரைப்பானை முழுதாக விரட்ட முடியுமா? மிச்சம் இருந்தால் பாக்டீரியாவைக் கொல்வது செடியா கரைப்பானா என்று சொல்ல முடியாது. நான்காவது, காய்ந்த சாறு சோதனைத் திரவத்தில் மறுபடி கரையுமா? ஐந்தாவது, உங்கள் பாதுகாப்பு. கடைசியாக, இந்த முடிவு எங்கே போகப் போகிறது? தோலில் பூசும் மருந்துக்கா, தனிச் சேர்மத்தைப் பிரித்து அடையாளம் காணவா, பல செடிகளை வரிசையாகச் சோதித்து எது தேறும் என்று சலித்துப் பார்க்கவா? இதற்கு விடை தெரியாமல் கரைப்பானைத் தேர்ந்தெடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி.

## நீர்

பாதுகாப்பானது, எங்கும் கிடைப்பது, நாட்டு மருத்துவத்தில் கஷாயம் என்று வழங்குவதும் இதுதான். சர்க்கரை ஒட்டிய ஃபிளேவனாய்டு, டானின், சபோனின், பாலிசாக்கரைடு எல்லாம் இறங்கும்.

ஆனால் மாங்குரோவ் என்று வரும்போது நீரோடு எனக்கு நிறையத் தகராறு உண்டு. அவிசென்னியா என்கிற மாங்குரோவின் இலையை வெயிலில் பிடித்துப் பாருங்கள், அதன் உப்புச் சுரப்பிகள் வெளியேற்றிய உப்பு மணி மணியாக மின்னும், நாக்கில் வைத்தால் கரிக்கும். மேலே இருப்பதைக் கழுவிவிடலாம், உள்ளே இருப்பதை என்ன செய்வது? அது அப்படியே சாற்றுக்குள் வரும். சாற்றைக் காய்ச்சி வற்ற வைக்கும்போது உப்பும் சேர்ந்து செறிவாகும். பிறகு சோதனையில் ஈ.கோலை என்கிற பாக்டீரியா அடங்கிக் கிடக்கிறது, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்கிற பாக்டீரியா அலட்சியமாக வளர்கிறது என்றால், மகிழ்ச்சிப்படுவதற்கு முன் உப்பைச் சந்தேகப்படுங்கள். ஆரியஸ் 7.5 சதவீத உப்பிலும் வளரும், அதைத் தனியாகப் பிரித்தெடுக்க ஆய்வகங்களில் பயன்படுத்தும் வளர்ப்பு ஊடகத்தில் அந்த அளவு உப்புதான் போடுகிறார்கள். ஈ.கோலையால் அது முடியாது. வழக்கமாகச் செடிச் சாறுகள் ஆரியஸைத்தான் எளிதில் தடுக்கும், ஏனென்றால் ஈ.கோலை மாதிரியான கிராம் நெகடிவ் பாக்டீரியாவுக்கு வெளிச்சவ்வு என்று கூடுதலாக ஒரு காப்பு உண்டு. அந்த வரிசை தலைகீழானால் அது உப்பின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். ரைசோஃபோரா என்கிற மாங்குரோவ் வேரிலேயே பெரும்பகுதி உப்பை வடிகட்டிவிடும், அதனால் அங்கே இந்தச் சிக்கல் கொஞ்சம் குறைவு.

இன்னொரு மறைமுகச் செலவு நேரம். நீரை வெளியேற்ற உறைநிலை உலர்த்தி வேண்டும், அது இல்லாவிட்டால் நாள்கணக்கில் ஆகும். ஊற வைத்த நீர்ச்சாற்றை ஒரு இரவு மேசையில் விட்டுவிட்டு மறுநாள் வந்து மூடியைத் திறந்தபோது மேலே மெல்லிய வெண்படலம் படர்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பாக்டீரியாவைத் தடுக்கும் என்று நம்பி எடுத்த சாற்றிலேயே நுண்ணுயிர் குடியேறிவிட்டது. அந்தத் தொகுதியைக் கொட்டத்தான் வேண்டியிருந்தது.

நீர் எப்போது சரி? மக்கள் உண்மையில் பயன்படுத்தும் கஷாயம் வேலை செய்கிறதா என்பதே உங்கள் கேள்வியாக இருந்தால் நீர்தான் ஒரே நேர்மையான தேர்வு. மற்றபடி முதல் தேர்வாக வேண்டாம்.

## நீர் கலந்த எத்தனால்

எதுவும் தெரியாத செடி, ஒரே ஒரு கரைப்பான்தான் அனுமதி என்றால் நான் எடுப்பது 70 சதவீத எத்தனால். சுத்த எத்தனாலைவிட இது ஏன் நல்லது என்று கேட்பவர்களுக்கு: காய்ந்த செல் சுவர் நீர் பட்டால்தான் உப்பிக் கொடுக்கும், அப்புறம்தான் எத்தனால் உள்ளே நுழைந்து ஃபீனாலிக் சேர்மங்களை இழுத்துவரும். நச்சுத்தன்மை குறைவு என்பதால் தோலில் பூசுவது, வாய் கொப்பளிப்பது போன்ற பயன்பாட்டை நோக்கிப் போகிறவர்களுக்கு இது பொருத்தம்.

செலவு வேறு இடத்தில் வருகிறது. சுழல் ஆவியாக்கியில் எத்தனால் போனபின் நீர் மிஞ்சி நிற்கும், அது சீக்கிரம் போகாது. சபோனின் நிறைந்த இலையாக இருந்தால் நுரை பொங்கிக் குடுவைக் கழுத்து வரை ஏறி, ஒரு நொடி கண் அசந்தால் சாறு பாதி மறுபக்கக் குடுவைக்குப் போய்விடும். குடுவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், வெற்றிடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

பெரிய தொல்லை டானின். ரைசோஃபோரா பட்டை காலங்காலமாகத் தோல் பதனிடப் பயன்பட்டதே அதில் டானின் மண்டிக் கிடப்பதால்தான். தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் அதே டானின் பாக்டீரியாவின் நொதியோடும் ஊடகத்தின் புரதத்தோடும் ஒட்டும், இரும்புச் சத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு பாக்டீரியாவைப் பட்டினி போடும். ஒரு முறை ரைசோஃபோரா இலையின் எத்தனால் சாறு ஆரியஸ் மேல் அழகான வட்டம் காட்டியது. அதே சாற்றைப் பிவிபிபி என்கிற டானின் பிடிக்கும் பொடியோடு குலுக்கி வடிகட்டி மறுபடி போட்டேன். வட்டம் கிட்டத்தட்ட காணாமல் போய்விட்டது. அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் நான் இரண்டு மாத வேலைத் திட்டத்தை எழுதி வைத்திருந்தேன்.

டானினின் தடுப்பு பொய் என்று சொல்ல வரவில்லை. புண்ணின் மேல் பூசும் துவர்ப்பு மருந்துக்கு அது போதும், உதவியாகக்கூட இருக்கும். ஆனால் ரத்தத்தில் போய் வேலை செய்யும் புது ஆன்டிபயாட்டிக்கைத் தேடுகிறவருக்கு அது வழியை அடைக்கும் கல். எந்தப் புரதத்தைக் கண்டாலும் ஒட்டும் பொருள் ரத்தத்தில் பாக்டீரியாவைத் தேடிப் போய்ச் சேராது.

## மெத்தனால்

எல்லோருக்கும் பிடித்தது, அதற்குக் காரணமும் இருக்கிறது. அரைகுறையாக நீரில் கரைவது முதல் நன்றாகக் கரைவது வரை பலவற்றையும் வாரி எடுக்கும், 65 டிகிரியிலேயே கொதிக்கும், வெற்றிடத்தில் 40 டிகிரியில் சட்டென்று போய்விடும். மகசூலும் நன்றாக இருக்கும். பல செடிகளை ஒரே நாளில் சலித்துப் பார்க்க வேண்டுமானால், தனிச் சேர்மம் பிரிப்பதற்கு மூலச் சாறு வேண்டுமானால், மெத்தனால் நல்ல தொடக்கம்.

சரி, தொல்லை? நச்சு என்பது தெரிந்த கதை. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும், அதனால் "மருந்து செய்யப் போகிறேன்" என்கிறவர் இதைத் தவிர்ப்பதே மேல். பலருக்கும் தெரியாத தொல்லை ஒன்று உண்டு. மெத்தனால் சும்மா கரைக்கும் திரவமாக மட்டும் இருப்பதில்லை, சில நேரம் தானே வினையில் இறங்கிவிடும். காலோடானின் என்கிற டானின் வகை உள்ள இலையை மெத்தனாலில் நாள்கணக்கில் ஊற வைத்தாலோ சூடாக்கினாலோ டானின் உடைந்து மெத்தில் காலேட் உருவாகலாம். மெத்தில் காலேட்டுக்குப் பாக்டீரியாவைத் தடுக்கும் ஆற்றல் உண்டு. ஆக, செடியில் இல்லாத ஒரு பொருளை நீங்களே உண்டாக்கி, அதையே செடியின் மருந்து என்று அறிவிக்கும் ஆபத்து இருக்கிறது. மெத்தில் காலேட் கிடைத்தால் அதே இலையைக் குளிர்ந்த அசிட்டோன்-நீர் கலவையில் எடுத்துப் பாருங்கள், அதிலும் வந்தால் நம்பலாம். சாக்ஸ்லெட் கருவியில் பல மணிநேரம் கொதிக்க விடுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

## எத்தில் அசிட்டேட்

என் மனசு சாய்வது இதன் பக்கம்தான், மறைக்க விரும்பவில்லை. உப்பு, சர்க்கரை, பெரிய டானின் மூலக்கூறுகள் இவற்றையெல்லாம் பின்னால் விட்டுவிட்டு, சர்க்கரை ஒட்டாத ஃபிளேவனாய்டு, சின்ன ஃபீனாலிக், குயினோன், டிரைட்டர்பீன், லிமோனாய்டு ஆகியவற்றை எடுத்துவரும். அதாவது மாங்குரோவின் மூன்று தொல்லைகளில் இரண்டு ஏறக்குறைய வாசலிலேயே நின்றுவிடும். நேராகப் பொடியில் ஊற்றுவதைவிட, எத்தனால் சாற்றை ஆவியாக்கி, மிஞ்சியதை நீரில் கலக்கி, அதைப் பிரிபுனலில் எத்தில் அசிட்டேட்டோடு குலுக்கி எடுப்பது இன்னும் நல்லது.

மகசூல் குறைவாக வரும், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் பொடியிலிருந்து மெத்தனால் 200 மில்லிகிராம் சாறு கொடுக்கிறது, தடுக்கத் தேவைப்படும் குறைந்தபட்சச் செறிவு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று வையுங்கள். அப்படியானால் அந்த ஒரு கிராம் இலை 200 மில்லிலிட்டரில் பாக்டீரியாவைத் தடுக்கப் போதும். எத்தில் அசிட்டேட் 30 மில்லிகிராம்தான் கொடுக்கிறது, ஆனால் 0.1 மில்லிகிராமே போதுமானால் அது 300 மில்லிலிட்டருக்குப் போதும். மகசூலைத் தடுப்புச் செறிவால் வகுக்கும் இந்த ஒரே கணக்கு, கரைப்பான்களை ஒப்பிட வட்டத்தின் விட்டத்தைவிடப் பல மடங்கு உதவும்.

மறைமுகச் செலவுகள்: சபோனின் இருந்தால் பிரிபுனலில் இரண்டு அடுக்கும் பிரியாமல் நடுவில் பால் போல ஒரு படலம் நிற்கும். வேகமாகக் குலுக்காமல் மெல்லப் புரட்டினால் பாதி தீரும், கொஞ்சம் உப்பு நீர் விட்டால் மீதியும் தீரும். நாள்பட்ட எத்தில் அசிட்டேட்டில் அசிட்டிக் அமிலம் உருவாகியிருக்கலாம், அது 118 டிகிரியில்தான் கொதிக்கும் என்பதால் சாற்றோடு தங்கிவிடும், அதுவே பாக்டீரியாவைக் கொல்லும். புளிப்பு வாடை அடிக்கும் புட்டியை எடுக்காதீர்கள். அப்புறம், பெட்ரி தட்டும் 96 குழித் தட்டும் பெரும்பாலும் பாலிஸ்டைரீன், எத்தில் அசிட்டேட் அதை இளக்கிவிடும், கண்ணாடியிலேயே வையுங்கள். எளிதில் தீப்பிடிக்கும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

## ஹெக்ஸேன்

இது எடுத்துவருவது மெழுகு, கொழுப்பு, ஸ்டீரால், கொஞ்சம் டிரைட்டர்பீன். இதைத் தனிச் சாறாகச் சோதிப்பதைவிட, இலையின் மெழுகை முதலில் கழற்றி எடுக்கப் பயன்படுத்துவதே பெரிய உபகாரம். சாறு டிஎம்எஸ்ஓவில் (காய்ந்த சாற்றைச் சோதனைக்குக் கரைக்கும் திரவம்) சரியாகக் கரையாது, அகார் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) மேல் சொட்டு சொட்டாக உருண்டு நிற்கும், ஊடுருவிப் பரவாது. ஆகவே வட்டம் வரவில்லை என்பதை வைத்து வேலை செய்யவில்லை என்று எழுதிவிடாதீர்கள், பரவவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது. ஹெக்ஸேனை நெடுநாள் சுவாசித்தால் நரம்பைக் கெடுக்கும். ஹெப்டேன் கிடைத்தால் அதற்கு மாறுங்கள், வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

## ஒரே பார்வையில்

| கரைப்பான் | கூட வரும் தொல்லை | ஆவியாக்குதல் | எப்போது எடுக்கலாம் |
|---|---|---|---|
| நீர் | உப்பு, டானின், சர்க்கரை | மெதுவு, பூஞ்சைக்கு இடம் | கஷாயத்தைச் சோதிக்க |
| 70% எத்தனால் | டானின், நுரை | நடுத்தரம் | தோல் பயன்பாடு, ஒரே கரைப்பான் மட்டும் என்றால் |
| மெத்தனால் | டானின், புதிதாக உருவாகும் மெத்தில் சேர்மங்கள் | எளிது | பல செடிகளைச் சலிக்க |
| எத்தில் அசிட்டேட் | பால் படலம், அசிட்டிக் அமிலம் | எளிது | தனிச் சேர்மம் தேட |
| ஹெக்ஸேன் | மெழுகு, கரையாமை | மிக எளிது | மெழுகு நீக்க |

## வரிசையாக எல்லாவற்றிலும் எடுத்தால் என்ன?

ஹெக்ஸேன், எத்தில் அசிட்டேட், மெத்தனால், நீர் என்று ஒரே பொடியை ஒன்றன்பின் ஒன்றாக ஊற வைப்பவர்கள் உண்டு. நல்ல வழிதான், ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வரிசையில் வரும் மெத்தனால் சாறும் தனியாக எடுத்த மெத்தனால் சாறும் வேறு வேறு, ஏனென்றால் முன்னால் போன கரைப்பான்கள் பாதியை எடுத்துவிட்டன. இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிடுவது தவறு. இன்னொன்று, இரண்டு சேர்மங்கள் கூட்டாகத் தடுத்துக்கொண்டிருந்தால், வரிசையில் அவை இரண்டும் பிரிந்துபோய் எந்தச் சாறும் வேலை செய்யாதது போலத் தோன்றும். அப்படி நடந்தால் பகுதிகளைத் திரும்பக் கலந்து ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

## வட்டத்தை அளந்து வெற்றியாளரைச் சொல்லாதீர்கள்

கரைப்பான்களை எப்படி ஒப்பிடுகிறோம் என்பதே தவறாக இருந்தால் மேலே சொன்ன எல்லாம் வீண். 6 மில்லிமீட்டர் தாள்வட்டில் சாற்றை ஏற்றி அகாரில் வைக்கும் முறை ஆன்டிபயாட்டிக்குகளுக்காக அளவு திருத்தப்பட்டது. சின்ன மூலக்கூறு வேகமாகப் பரவி பெரிய வட்டம் போடும், வலிமையான ஆனால் எண்ணெய்ப் பசையான பொருள் நகராமல் இருக்கும். அதனால் மெத்தனால் சாறு எத்தில் அசிட்டேட் சாற்றை "ஜெயித்தது" என்று விட்டத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆமா இல்லையா என்று பார்க்க வட்டம் போதும், எது மேல் என்று சொல்ல 96 குழித் தட்டில் செறிவைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய்த் தடுப்புச் செறிவைக் காண வேண்டும்.

அதிலும் மாங்குரோவ் நம்மை ஏமாற்றும். டானின் ஊடகப் புரதத்தோடு சேர்ந்து கலங்கலாகும், பாக்டீரியா வளர்ந்தது போலத் தோன்றும். சரி, நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும் ரெசாசுரின் சாயம் போடலாம் என்றால், ஃபீனாலிக் நிறைந்த சாறு பாக்டீரியா இல்லாமலேயே சாயத்தைச் சிவப்பாக்கிவிடலாம். அதனால் ஒவ்வொரு செறிவுக்கும் பாக்டீரியா போடாத ஒரு குழி கட்டாயம் வேண்டும். கூடவே கரைப்பானை மட்டும் ஆவியாக்கி டிஎம்எஸ்ஓவில் எடுத்த ஒரு வெற்றுச் சோதனையும். டிஎம்எஸ்ஓ குழியில் 1 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழுச்சாற்றில் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே தடுப்பு கிடைத்தால் உற்சாகப்படலாம், தனிச் சேர்மம் என்றால் 10 மைக்ரோகிராமுக்குக் கீழே. 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று ஊற்றித்தான் தடுக்க முடிகிறது என்றால், அந்த அளவில் பல செடிகளின் சாறும் ஏதாவது செய்யும்.

## செடியைப் பொறுத்து

அவிசென்னியா என்றால் நீரை விட்டுவிடுங்கள். அதில் நாப்தோகுயினோன் வகைச் சேர்மங்கள் உண்டு, எத்தில் அசிட்டேட்டில் நன்றாக வரும். ரைசோஃபோராவுக்கு எத்தனால், பிறகு எத்தில் அசிட்டேட்டால் பிரித்தல், இடையே டானின் நீக்கிய ஒரு இணைச் சோதனை. சைலோகார்பஸில் லிமோனாய்டு தேடுகிறவருக்கும் இதே வழிதான். புரூகியேராவில் கந்தகம் உள்ள வளையச் சேர்மங்கள் இருப்பதால் சூடு காட்டாமல் அறை வெப்பத்திலேயே எடுப்பது பாதுகாப்பு. கழுதைமுள்ளியில் 2-பென்சாக்சசோலினோன் உண்டு, மெத்தனாலில் தொடங்கி எத்தில் அசிட்டேட்டுக்குப் போகலாம்.

பட்டையில்தான் அதிகம் இருக்கிறது என்று யாராவது சொன்னாலும் இலையில் தொடங்குங்கள். மரத்தைச் சுற்றிப் பட்டையை உரித்தால் அந்த மரம் செத்துப்போகும், ஒரு சோதனைக்காக அதைச் செய்ய எனக்கு மனம் வராது.

தில்லை என்கிற மாங்குரோவ் மரத்துக்குத் தனி எச்சரிக்கை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், தோலில் பட்டால் கொப்புளம் வரும். அந்த எரிச்சலூட்டும் டைட்டர்பீன்கள் ஹெக்ஸேன், எத்தில் அசிட்டேட் பகுதிகளில்தான் திரளும், நீங்கள் ஆவியாக்க ஆவியாக்க செறிவு ஏறும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பொடியைக்கூடத் தொடாதீர்கள். நல்ல தடுப்புச் செறிவு கிடைத்தாலும், மனிதச் செல்கள் மேல் போட்டுப் பார்க்காதவரை அதை மருந்து என்று பேச வேண்டாம், ஏனென்றால் எல்லாச் செல்லையும் கொல்கிற பொருள் பாக்டீரியாவையும் கொல்லத்தான் செய்யும். இன்னும் தில்லையில்தான் தொடங்க வேண்டும் என்று தோன்றினால், முதல் முறை 5 கிராம் பொடிக்கு மேல் எடுக்காதீர்கள், ஆவியை வெளியே இழுத்துவிடும் புகைப்பெட்டிக்குள் வைத்தே செய்யுங்கள், கழுவிய குடுவையை அடுத்தவர் எடுக்கும் இடத்தில் வைக்காதீர்கள்.